மூட்டிவிட்ட வாக்கியம்

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்ததைப் பொருளக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்காக வந்ததில்லை. அவளுடைய தங்கைக்காக வந்தது.

அகராதி போடுகிற அலுவலகம் அது. மாடியில் நீளமான ஒரு கூடம், நடுவில் பெரிய மேசை, சுவர் நெடுகச் சீட்டுப் பெட்டிகள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு சீட்டில் தமிழில் பொருள் எழுதி, அதைப் பயன்படுத்துகிற விதம் விளங்க ஒரு வாக்கியமும் தர வேண்டும். பொருள் எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் வயதில் மூத்தவர்கள்கூட அவளைப் ‘பொருளக்கா’ என்றார்கள். அவளுக்கு நரை விழுந்ததே அந்த மேசையில்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப்பொடியான எழுத்தில் சீட்டு எழுதுவாள். அந்தக் கையெழுத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இத்தனை காலத்தில் ஆசிரியர் அவளுடைய சீட்டைப் படித்துவிட்டுச் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை: “சரி.” அந்தச் சரியைப் பதக்கம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

தங்கையை அங்கே கொண்டுவந்து சேர்த்தவளும் அவள்தான். தங்கை பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். வேலை போனதும் அவள் அக்கா வீட்டு முன்னறையில் வந்து தங்கினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பார்க்கப் பொறுக்காமல் பொருளக்கா ஆசிரியரிடம் போய் நின்றாள்.

“எஸ் எழுத்து முடியற வரைக்கும் பார்க்கலாம்மா. வேலை நல்லா வந்தா நிரந்தரம். இல்லைன்னா நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது” என்றார் அவர்.

“அவ நல்லா பண்ணணும், கடவுளே” என்று பொருளக்கா மனதாரத்தான் வேண்டிக்கொண்டாள். கடவுள் அந்த வேண்டுதலை அவள் எதிர்பார்த்ததற்கு மேலேயே கேட்டுவிட்டார் என்பதுதான் சங்கடம்.

வந்த சில நாளிலேயே ‘ஸ்பேர்’ என்ற சொல்லுக்குத் தங்கை ஒரு வாக்கியம் எழுதினாள்: “எனக்காக ஒரு நிமிடம் ஒதுக்க முடியுமா என்று கேட்டு வந்தவர், மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் போனார்.” அதைப் படித்துத்தான் ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எழுந்து நின்று கூடத்துக்கே வாசித்துக் காட்டினார். பிழை திருத்துகிறவர், “இவங்க வாக்கியத் தங்கச்சி... சார்” என்றார். பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுத் தொடருகிற பழக்கம் அவருக்கு. அதனால் அவர் பெயரே ‘கமா’ ஆகிவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். பொருளக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு எல்லாமே அளந்து பார்க்கிற பொருளாகிவிட்டது. கமா தேநீர்த் தட்டை எடுத்து வரும்போது முதல் கோப்பை யாருக்குப் போகிறது? தங்கைக்கு. ஆசிரியர் காலையில் உள்ளே வரும்போது முதலில் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறார்? தங்கையை. வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. பேருந்து ஓட்டுகிற அவள் கணவர், சாப்பாட்டுத் தட்டில் பேசவே மாட்டார். அவரே இப்போது, “கொழுந்தியா வந்ததுலேர்ந்து வீட்டுல ரேடியோ வேண்டியதில்ல” என்று சொல்லி, புரையேறும்வரை சிரிக்கிறார்.

“சாப்பிடறப்ப சிரிக்காதீங்க” என்று பொருளக்கா குழம்புக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

“ஏன், சிரிச்சா குழம்பு கோச்சுக்குமா?” என்றார் அவர். தங்கை அதற்கும் சிரித்தாள்.

பொறாமை என்பது விருந்தாளி மாதிரி வாசலில் நின்று கதவைத் தட்டுவதில்லை. வீட்டு ஆள் மாதிரி நேராக உள்ளே வந்து, நமக்குப் பிடித்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. பொருளக்கா நல்லவள். தினமும் முதல் சீட்டை எடுக்குமுன் கண்ணை மூடி, “கடவுளே, என் வார்த்தையால இன்னிக்கு யார் மனசும் நோகக் கூடாது” என்று வேண்டிக்கொள்வாள். அதனாலேயே தனக்குள் வந்து உட்கார்ந்திருப்பது இன்னதென்று அவளுக்குப் புரியவில்லை. தலைவலி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மாலை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தங்கை சொன்னாள்: “பாவம்க்கா பக்கக்காரர் ஐயா. கண்ணு மங்கிக்கிட்டே வருது. கேட்டா சங்கடப்படுவார்னு நான் ஒண்ணும் கேட்கல. என் சீட்டை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதிடுறேன். அவர் மாதிரி பக்கம் கட்ட யாருக்குக்கா வரும்? இன்னும் ரொம்ப நாள் அவரே கட்டணும்.”

பக்கக்காரர் என்பவர், சீட்டில் உள்ளதையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றி, அகராதிப் பக்கமாகக் கட்டித் தருகிறவர். வாய் அதிகம் இல்லாத பெரியவர். கண் மங்குவது ஆசிரியரைத் தவிர அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது பக்கக்காரருக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியை மேசை இழுப்பறைக்குள் வைத்து, யாரும் பார்க்காதபோது எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

மறுநாள் தேநீர்க் கோப்பை கழுவுகிற குழாயடியில் அவரும் பொருளக்காவும் மட்டும் இருந்தார்கள். சற்று முன்புதான் ஆசிரியர் தங்கையின் இன்னொரு சீட்டைக் கூடத்துக்கு வாசித்துக் காட்டியிருந்தார்.

“உங்க தங்கச்சி கெட்டிக்காரிம்மா” என்றார் பக்கக்காரர்.

எல்லோரும்தான் சொன்னார்கள்; இவருமா? பொருளக்காவின் நாக்கு அவளைக் கேட்காமல் புரண்டது.

“அவ ஏன் அவ்வளவு பெரிய எழுத்தா எழுதுறா தெரியுமாண்ணா? உங்களுக்காகத்தான். கண்ணு மங்கிப்போச்சேன்னு வருத்தப்படுறா.”

அவர் கையிலிருந்த கோப்பை தொட்டியில் இடித்தது. “அந்தப் பொண்ணா சொன்னா?”

“வீட்டுல சொன்னா.”

“வேற யார்கிட்ட சொன்னா?”

பொருளக்கா பதில் சொல்லவில்லை. ஏற்கனவே கழுவி முடித்த கோப்பையைத் திரும்பவும் தேய்த்தாள். அந்த மௌனம் போதுமானதாக இருந்தது. ஆசிரியர் காதுவரை போய்விட்டது என்று அவராகவே எடுத்துக்கொண்டார். சொன்ன வார்த்தையில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய் சொல்லக் கூசுகிற நாக்கு, உண்மையைப் பாதியாக வெட்டிக் கொடுக்கக் கூசவில்லை.

அன்றிலிருந்து தங்கையின் சீட்டுகள் பக்கக்காரர் மேசையில் தேங்கின. “எழுத்து புரியல” என்று திருப்பி அனுப்பினார். அலுவலகத்திலேயே பெரிய எழுத்து அவளுடையதுதான்! இன்னும் பெரிதாக எழுதி அனுப்பினாள். நல்லெண்ணத்தில்தான் செய்தாள், அவருக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எஸ் எழுத்து முடிவுக்கு வரவேண்டிய நேரத்தில் நடுநடுவே ஓட்டையாக நின்றது.

“நான் என்னக்கா தப்பு பண்ணேன்? நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தார்” என்று தங்கை சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

“அவர் அப்படித்தான். போகப்போகச் சரியாயிடும்” என்றாள் பொருளக்கா. அவளுக்கு உள்ளே ஒரு இதம் பரவியது. அந்த இதத்தை அடையாளம் கண்டதும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “தங்கச்சி சீட்டுதான் தேங்கி நிக்குதாம்மா. அந்தப் பெரியவர் யாரையும் குறை சொல்ற ஆள் இல்ல. அவரே சொல்றார்னா... எஸ் முடியப்போகுது. யோசிக்கணும்.”

யோசிக்கணும். அவர் யோசித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தங்கை திரும்பவும் முன்னறை ஜன்னலில் போய் உட்காருவாள். அவள் வேண்டியது இதுவா? முதல் கோப்பைத் தேநீரும் ஒரு சிரிப்பும்தானே வேண்டினாள்? அன்று கண்ணை மூடி வேண்டிக்கொள்ள நினைத்தபோது, “என் வார்த்தையால” என்பதற்கு மேல் வாய் நகரவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானத் தேநீர் நேரத்தில் எல்லோரும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். அன்றைய சொல் யாருடையதோ அவர், கையில் காகிதம் இல்லாமல், வாயாலேயே வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்க வேண்டும். பேச்சில் உட்காராத வாக்கியம் புத்தகத்திலும் உட்காராது என்பது ஆசிரியரின் எண்ணம். உயிரில்லாத வாக்கியம் வந்தால் கமா கரண்டியால் கோப்பையைத் தட்டுவார். உயிருள்ள வாக்கியம் வந்தால் ஆசிரியர், “எங்க பார்த்தீங்க?” என்று கேட்பார். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் பார்த்தேன் என்றால் செல்லாது.

பொருளக்கா அந்த மேசையில் அதிகம் கரண்டிச் சத்தம் கேட்டவள். தங்கை ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைய சொல் ‘ஸ்டர்’. பொருளக்காவின் சொல். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தாள்.

“முதல் பொருள் என் கையிலயே... இருக்கு” என்று கமா தேநீரில் கரண்டியைச் சுழற்றிக் காட்டினார்.

“கலக்கு” என்றாள் பொருளக்கா. “சர்க்கரை போட மறந்துவிட்டு, வெறும் தேநீரை அவர் வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.”

ஆசிரியர் நிமிர்ந்தார். “எங்க பார்த்தீங்க?”

“எங்க வீட்டுக்காரர் சார். கலக்கி முடிச்சுட்டு, இனிப்பு கம்மின்னு என்னைத் திட்டினார்.”

மேசை சிரித்தது. அவளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. “ரெண்டாவது, அசை. பெரும்பாலும் அசையலைன்னு எதிர்மறையிலதான் வரும். ‘அலாரம் அடித்து ஓய்ந்தது; போர்வைக்குள் இருந்தவர் அசையவே இல்லை.’”

“அது நான்தான்... அதையும் பார்த்துட்டீங்களா?” என்றார் கமா.

தங்கைதான் எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டி ரசித்தாள். பக்கக்காரர் மட்டும் தேநீரைப் பார்த்தபடி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“சரி, இப்ப கஷ்டமானது” என்றார் ஆசிரியர். “பின்னால ‘அப்’ சேர்ந்து வரும்போது? கலவரம், வெறுப்பு, சந்தேகம், இதையெல்லாம் ஒருத்தர் செய்யறது.”

“தூண்டிவிடு” என்றாள் பொருளக்கா.

“கிளப்பிவிடு... உசுப்பிவிடு... கிண்டிவிடு... சிண்டு முடி” என்று அடுக்கினார் கமா. “எல்லாமே எங்க அத்தைக்குப் பொருந்தும் சார். பொருளே எழுத வேண்டாம். அவங்க படத்தைப் போட்டுட்டாப் போதும்.”

“மூட்டிவிடுன்னு வச்சுக்கலாமா?” என்றாள் தங்கை தயங்கியபடி. “அடுப்பு மூட்டினா நாம பக்கத்துலயே நின்னு பார்த்துப்போம். மூட்டிவிடறவங்க அப்படி இல்ல. பத்தினதும் நகர்ந்துடுவாங்க.”

ஆசிரியர் மேசையைத் தட்டினார். “அப்படிச் சொல்லும்மா! இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.” அவர் கண் தங்கைமேல் நின்றது. கமா தேநீர் ஜாடியை எடுத்து அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

பொருளக்காவின் நெஞ்சுக்குள் சுரீரென்றது. இது அவளுடைய சொல். இன்று அவளுடைய நாள். அதையும் தங்கை இரண்டே வரியில் வாங்கிக்கொண்டு போவதா? எடுத்துக்காட்டு, இப்போதே ஒரு எடுத்துக்காட்டு, இதையெல்லாம் தூக்கி அடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். பார்த்தது என்ன? மனம் தேடிய இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சூடு ஆறாமல் இருந்தது. யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது:

“‘உங்களுக்காகத்தான் பெரிய எழுத்தா எழுதுறா, கண்ணு மங்கிப்போச்சேன்னு வருத்தப்படுறா’ என்று ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமலே, நல்லபடியாக இருந்த இரண்டு பேருக்கு நடுவில் அவள் மூட்டிவிட்டாள்.”

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமலே! இதும்மா வாக்கியம்! இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நீங்க சொல்லவே இல்லையே!”

அவள் ஏங்கிய சிரிப்பு வந்துவிட்டது. அது கூடத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பியது. திரும்பி வந்தபோது கேட்டுக்கொள்ள யாரும் இல்லை. கமாவின் கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது. பக்கக்காரர் தலை நிமிர்ந்து, முதலில் அக்காவையும் பிறகு தங்கையையும் பார்த்தார். தங்கை தன் விரல்களைப் பார்த்தாள். அவற்றில் மை இருந்தது.

ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கப்படி கேட்டார்: “எங்க பார்த்தீங்க? யாரு அந்தப் புண்ணியவதி?”

பொருளக்கா தன் காலிக் கோப்பையை எடுத்து உதட்டில் வைத்தாள்.

“எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தங்க இருந்தாங்க சார்” என்றாள் தங்கை. “நாங்க ரெண்டு பேருமே பார்த்திருக்கோம்.” சொல்லிவிட்டு, இப்போதுதான் நிரம்பிய தன் தேநீர்க் கோப்பையை அக்காவின் பக்கம் மெல்லத் தள்ளினாள். “குடிக்கா. தொண்டை காஞ்சிருக்கு.”

அந்தக் கோப்பையைப் பொருளக்கா பார்த்தாள். எத்தனையோ நாள் கணக்குப் பார்த்துக் காத்திருந்த முதல் கோப்பை அது. அதை எடுத்துக் குடித்தால் எல்லாம் முடிந்துபோகும். ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. தங்கைக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கையோடு அவள் செய்தது அக்காவை மூடி மறைத்ததுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்தக் கோப்பையைத் திருப்பித் தள்ள அவளிடம் பலம் இல்லை; எடுத்துக் குடிக்கவும் மனம் வரவில்லை.

“பக்கத்து வீட்டுல இல்ல சார்” என்றாள். “நான்தான்.”

ஆசிரியரின் புன்னகை பாதியில் நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. பக்கக்காரர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, அவ சொன்னதுல பாதியைத்தான் உங்ககிட்ட கொண்டுவந்தேன். மீதியையும் கேட்டுக்கோங்க. ‘அவர் மாதிரி பக்கம் கட்ட யாருக்கு வரும், இன்னும் ரொம்ப நாள் அவரே கட்டணும்’னுதான் சொன்னா. சார்கிட்ட எதுவும் சொல்லல. வேற யார்கிட்ட சொன்னான்னு நீங்க கேட்டப்ப, யார்கிட்டயும் இல்லைன்னு நான் சொல்லியிருக்கணும். வாயை மூடிக்கிட்டு நின்னேன். எல்லாரும் அவளையே கொண்டாடறது எனக்குப் பொறுக்கல.”

பக்கக்காரர் எழுந்து தன் இடத்துக்குப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தார்கள். இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. பூதக்கண்ணாடியோடு திரும்பி வந்து, அதை எல்லோர் முன்னாலும் மேசைமேல் வைத்தார்.

“இத ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சு எனக்கும் அலுத்துப்போச்சு” என்றார். பிறகு தங்கையிடம், “ஏம்மா, இன்னும் கொஞ்சம் பெரிசாவே எழுது. இப்ப எழுதறதும் பத்தல” என்றார்.

கமா, “சார்... நானும் ஒண்ணு சொல்லிடறேன். அந்த அலாரம் வாக்கியம் நெசமாவே என்னைப் பத்தித்தான்” என்றார். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

“அந்த வாக்கியத்தை எடுத்துடுங்க சார்” என்றாள் பொருளக்கா.

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நல்ல வாக்கியம்தான். ஆனா இந்த மேசையில இருக்கறவங்க யாரும் புத்தகத்துக்குள்ள போக வேண்டாம். வேற ஒண்ணு வேணும். தங்கச்சி, நீ சொல்றியாம்மா?”

“அக்கா சொல்லட்டும் சார். அவங்க சொல்தானே” என்றாள் தங்கை.

பொருளக்கா யோசித்துப் பார்த்தாள். மனம் காலியாக இருந்தது. “வதந்தி பரப்பி ஊரில் கலகத்தை மூட்டிவிட்டார்கள்” என்றாள்.

உயிர் என்பது மருந்துக்கும் இல்லாத வாக்கியம். கமாவின் கரண்டி தட்டுவதற்காக மேலே எழுந்தது. எழுந்த கரண்டி அவள் முகத்தைப் பார்த்தது போல ஒரு கணம் நின்று, பேசாமல் தேநீருக்குள் இறங்கி, இல்லாத சர்க்கரையைக் கலக்கத் தொடங்கியது.

“சரி” என்றார் ஆசிரியர்.

மாலையில் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கடைத்தெரு முழுக்கத் தங்கை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“கோவமா?” என்றாள் அக்கா.

“கோவமாத்தான் இருக்கு. வீடு வர்ற வரைக்கும் பேசப்போறதில்ல.”

“சரி.”

காய்கறிப் பை பொருளக்காவின் கையில் கனத்தது; தோள் ஒருபக்கம் சாய்ந்தது. தெரு திரும்புகிற இடத்தில் தங்கை ஒன்றும் சொல்லாமல் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். பேசமாட்டேன் என்றுதானே சொன்னாள்? பிடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

தேங்கியிருந்த சீட்டுகள் அந்த வாரமே பக்கங்களாக மாறின. எஸ் முடிந்தது. ஆசிரியர் தங்கையைக் கூப்பிட்டு, “அடுத்த எழுத்தையும் எங்களோடவே பாரும்மா” என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். பொருளக்காவுக்கு உள்ளே சுருக்கென்றது, பொய் சொல்வானேன்? அந்த நாற்காலி ஒரே நாளில் காலியாகிவிடாது. வந்து உட்கார்ந்தது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான் மாற்றம்.

கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து வேண்டுதலைச் சொல்லி முடித்தாள். பிறகு முதல் சீட்டை எடுத்து, தடித்த பேனாவால் பெரிய எழுத்தாக எழுதத் தொடங்கினாள். எறும்பு ஊர்ந்து பழகிய கை. எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கோணலாக விழுந்தன. ஒரு சொல்லுக்கே சீட்டு நிறைந்துவிட்டது.

கமா எட்டிப் பார்த்தார். “என்னக்கா இது... சுவர் விளம்பரமா?”

“அசிங்கமா இருக்கா?”

பக்கக்காரர் அந்தச் சீட்டை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி மேசைமேலேயே கிடந்தது.

“அசிங்கமாத்தான் இருக்கு” என்றார். “ஆனா படிக்க முடியுதும்மா.”